ஒரே வெயில், இரண்டு கணக்கு: சூரிய மின்வளத்தை எப்படி மதிப்பிடுவது?

இந்தியாவில் எவ்வளவு சூரிய மின் திறனை நிறுவ முடியும்? தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பு சொன்ன விடை 748 ஜிகாவாட். அதே நிறுவனத்தின் 2025 மறுமதிப்பீடு சொல்லும் விடை 3,343 ஜிகாவாட். ஏறத்தாழ நாலரை மடங்கு. இடைப்பட்ட காலத்தில் சூரியன் கூடுதலாக எரியத் தொடங்கிவிடவில்லை. தரிசு நிலத்தில் 3 சதவீதத்தில் தகடுகள் பரப்பப்படும் என்று முதல் கணக்கு வைத்துக்கொண்டது. இரண்டாவது கணக்கு அதை ஏறத்தாழ 6.7 சதவீதம் ஆக்கியது. தகடுகளின் திறனும் இதற்குள் உயர்ந்துவிட்டது.

முதல் கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு 17,670 மெகாவாட். மாநிலத்தில் நிறுவப்பட்ட சூரிய மின் திறனோ 2025-இல் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அப்படியானால் நம் வளத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டதா? ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் ஒரு முறை பஸ்ஸில் போய் வந்தவர்கூட இதை நம்பமாட்டார்.

இத்தகைய எண் செய்தியில் வரும்போதெல்லாம், “வெயில் கொளுத்துகிற நாட்டில் மின்சாரத்துக்கு என்ன பஞ்சம்?” என்ற பேச்சும் கூடவே வருகிறது. வெயிலுக்குப் பஞ்சம் இல்லைதான். தகட்டை எங்கே வைக்கிறோம், எந்தக் கம்பி அந்த மின்சாரத்தைச் சுமக்கிறது, எந்த மணிக்கு யாருக்கு அது வேண்டும் என்ற மூன்றும் சேர்ந்துதான் விடையைத் தீர்மானிக்கின்றன. சென்னையை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

## கிலோவாட்டும் யூனிட்டும்

குழப்பத்தில் பாதி இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது. கிலோவாட் என்பது குழாயின் அகலம். யூனிட் என்பது குடத்தில் சேர்ந்த தண்ணீர். ஒரு கிலோவாட் அளவில் ஒரு மணி நேரம் மின்சாரம் பாய்ந்தால் ஒரு யூனிட். 1,000 கிலோவாட் ஒரு மெகாவாட். 1,000 மெகாவாட் ஒரு ஜிகாவாட்.

சென்னையில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு, ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால், நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். நாள் முழுவதும் முழுத் திறனில் ஓடினால் 24 யூனிட் கிடைக்க வேண்டும். இரவு, காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயில், மேகம் எல்லாம் போக மிஞ்சுவது அதில் ஆறில் ஒரு பங்கு. ஓர் அனல் மின் நிலையம் ஆண்டு முழுவதும் 70 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதே மெகாவாட் சூரிய நிலையம் தருவது அதன் யூனிட்டுகளில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. வல்லூர் அனல் மின் நிலையத்தின் 1,500 மெகாவாட்டையும் கமுதி சூரிய மின் நிலையத்தின் 648 மெகாவாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுவது ஆகையால் சரியல்ல. சூரிய மின் திட்டம் பற்றிய அறிவிப்பில் மெகாவாட் மட்டும் இருந்தால், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று கேட்டுவிட்டே மேலே படிக்க வேண்டும்.

## சென்னை மேல் விழும் வெயில்

மாநகராட்சிப் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். இனி ஒவ்வொரு படியாக இறங்குவோம்.

1. விழுவது. சென்னையில் ஒரு சதுர மீட்டர் சமதளத்தில் ஒரு நாளில் சராசரியாக 5 யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட சூரிய ஆற்றல் விழுகிறது. 5 என்றே கொள்வோம். மாநகராட்சி எல்லைக்குள் மொத்தம் 213 கோடி யூனிட். 2024 ஏப்ரல் இறுதியின் கொடும் வெயிலில் தமிழ்நாடு முழுவதும் ஒரே நாளில் செலவழித்த மின்சாரம் சுமார் 45 கோடி யூனிட்; அன்றைக்கு அது சாதனை அளவு. சென்னை மேல் விழுவது அதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. மேடைப் பேச்சுகளும் பகிரப்படும் படங்களும் பெரும்பாலும் இந்தப் படியிலேயே நின்றுவிடுகின்றன.

2. தகடு பிடிப்பது. இன்றைய சிலிக்கான் தகடு, ஆய்வுக்கூடத்தில், தன்மேல் விழும் ஒளியில் 20 முதல் 22 சதவீதத்தை மின்சாரமாக்குகிறது. கூரைக்கு வந்ததும் சூடு, தூசி, கம்பி இழப்பு, இன்வெர்ட்டர் (தகட்டின் நேர்மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மாறுமின்சாரமாக்கும் கருவி) இழப்பு என்று அதிலும் நாலில் ஒரு பங்கு வரை போய்விடும். மிச்சம், விழுந்ததில் ஆறில் ஒரு பங்கு. 213 கோடி சுமார் 34 கோடி ஆகிவிட்டது.

3. கிடைக்கும் இடம். அண்ணா சாலையையும் கிண்டி தேசியப் பூங்காவையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் தகடுகளால் மூட முடியாது. ஓட்டு வீடு, தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, செல்பேசிக் கோபுரம், துணி உலர்த்தும் கொடி எல்லாவற்றையும் கழித்தால், நகரப் பரப்பில் 5 சதவீதம் தேறும் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட விகிதம். 21 சதுர கிலோமீட்டர்; அதில் நிற்கக்கூடியது 4,200 மெகாவாட் அளவிலான தகடுகள்; கிடைப்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 கோடி யூனிட்.

மாநிலத்தின் உச்ச நாள் தேவைக்கு ஐந்து மடங்காகத் தொடங்கியது, அதே தேவையில் நூற்றுக்கு நான்காக முடிந்திருக்கிறது. 1.7 கோடி யூனிட் சின்ன அளவு அல்ல. ஆனால் மூன்றாம் படியின் விடையும் முதற்படியின் விடையும் ஒரே பெயரில் உலவுவதுதான் சங்கடம். 748-க்கும் 3,343-க்கும் உள்ள இடைவெளியில் ஒரு பெரும்பங்கு இந்த மூன்றாம் படியில் அடங்கிவிடுகிறது.

வெயிலின் அளவே எல்லாவற்றையும் முடிவு செய்யும் என்பவர்களுக்கு ஜெர்மனியைக் காட்டலாம். அங்கே ஆண்டுக்கு விழும் சூரிய ஆற்றல் தமிழ்நாட்டில் விழுவதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இந்தியா 100 ஜிகாவாட் சூரிய மின் திறனைத் தொட்டது 2025 ஜனவரியில். நம் பரப்பில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் ஜெர்மனியும் ஏறத்தாழ அதே நேரத்தில் அதே எண்ணைத் தொட்டது.

## சூடு வேறு, ஒளி வேறு

அக்னி நட்சத்திரத்தில் தகடுகள் மின்சாரத்தைக் கொட்டும் என்பது பரவலான நம்பிக்கை. தகட்டுக்குத் தேவைப்படுவது ஒளி. சூடு அதற்குப் பகை.

தகட்டின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியும் தகட்டின் வெப்பநிலை 25 டிகிரியும் இருக்கும் நிலையில் அளந்தது. சென்னையில் மே மாதப் பகலில் காற்றே 40 டிகிரி. மொட்டை மாடியில் தகடு 60 டிகிரியைத் தாண்டும். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் தகட்டின் திறன் 0.35 முதல் 0.4 சதவீதம் குறைகிறது. 35 டிகிரி கூடினால் 12 முதல் 14 சதவீதம் வரை இழப்பு. தகட்டைத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காமல், அடியில் காற்று புகும்படி உயர்த்திக் கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நகரம் 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. கோடைப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் நீளத்தில் ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். ஐரோப்பாவைப்போல் குளிர்காலத்தில் உற்பத்தி அடியோடு சரியும் தொல்லை நமக்கு இல்லை. நம் தொல்லை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வருகிறது. நாட்டின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழையில் நனையும்போது சென்னையில் ஓரளவு வெயில் அடிக்கும். மற்ற இடங்களில் வானம் தெளிந்த பின்பு இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அந்த மாதங்களில் ஏசி ஓட்டமும் குறைந்துவிடுவது ஒரு ஆறுதல்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று இரும்புச் சட்டத்தையும் போல்ட்டையும் அரிக்கும். பழைய மாமல்லபுரம் சாலையில் கட்டடத் தூசி. ஆழ்துளைக் கிணற்று நீரால் கழுவினால் வெள்ளைப் படலம் படியும்; துடைக்கத் துடைக்க ஒளியை மறைக்கும். தகட்டைத் தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரி சாய்த்து வைத்தால் மழையே கழுவும் வேலையில் பாதியைச் செய்துவிடும். சட்டத்தின் வலுவையும் கவனிக்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகக் காற்றோடு நகரைக் கடந்ததை மறந்துவிட்டுச் சட்டம் கட்டக் கூடாது.

## விலை இறங்கியது, கம்பி நீளவில்லை

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் சுமார் 2,500 ஏக்கரில் அமைந்த 648 மெகாவாட் நிலையம், ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்று உலகிலேயே மிகப் பெரியதாகப் பேசப்பட்டது. அதன் மின்சாரத்துக்கு ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். மறு ஆண்டே தமிழ்நாடு நடத்திய 1,500 மெகாவாட் ஏலத்தில் விலை 3.47 ரூபாய்க்கு வந்தது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலம் ஒன்றில் 1.99 ரூபாய். ஆறு ஆண்டுக்குள் ஏழு ரூபாய் இரண்டு ரூபாய் ஆயிற்று. இன்று எந்தப் புதிய அனல் மின் நிலையமும் பகல் நேர யூனிட்டை அந்த விலைக்குத் தர முடியாது.

தகடுகளை ஆறு மாதத்தில் பரப்பிவிடலாம். உயர் அழுத்த மின்பாதைக்கும் துணை மின் நிலையத்துக்கும் நிலம் எடுத்து முடிக்க ஆண்டுகள் ஆகும். வெயிலும் மலிவு நிலமும் தென்மாவட்டங்களில் இருக்கின்றன. பெருந்தேவை சென்னையிலும் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளிலும் கோவையிலும் இருக்கிறது. உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்கட்டமைப்பு ஏற்க முடியாதபோது, “குறைத்துக்கொள்ளுங்கள்” என்று நிலையங்களுக்கு உத்தரவு போகும். வெயில் அடித்துக்கொண்டே இருக்க, தகடுகள் சும்மா நிற்கும்.

மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காக இப்படிக் குறைக்கச் சொல்வது தவிர்க்க முடியாதது. ஆனால் விலை கூடிய பழைய ஒப்பந்த மின்சாரத்தை வாங்காமல் தவிர்ப்பதற்கும் இதே உத்தரவு வசதியாக இருந்துவிடும். தமிழ்நாட்டுச் சூரிய மின் உற்பத்தியாளர்கள் தொடர்ந்த வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில், பாதுகாப்புக் காரணமின்றிக் குறைக்கச் செய்த மின்சாரத்துக்கு இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது. வளத்தைக் கணக்கிடும் எந்த வரைபடத்திலும் இந்த இழப்புக்கு ஒரு நிறம் கிடையாது.

## மாலை ஆறரைக்குப் பிறகு

மெய்யான இடறல் இங்கேதான் இருக்கிறது. சென்னையில் சூரியன் மறையும் நேரம் நவம்பரில் ஐந்தே முக்கால் மணிக்குச் சற்று முன்பு. ஜூலையில் ஆறரை மணிக்கு மேல். தகடுகளின் உற்பத்தி அதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒடுங்கிவிடும். கோடையில் நகரத்தின் தேவையோ வீட்டு ஏசிகள் ஓடத் தொடங்கிய பின்பு இரவு பத்து, பதினொன்று மணி வரை இறங்குவதில்லை. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே மாதத் தொடக்கத்தில் 20,800 மெகாவாட்டைக் கடந்தது. பகலில் ஆயிரக்கணக்கான மெகாவாட்டைத் தாங்கிய சூரிய மின்சாரம் இரண்டு, மூன்று மணி நேரத்தில் முழுவதுமாக விலகும்போது, அந்த இடத்தை வேறு நிலையங்கள் ஓடி வந்து நிரப்ப வேண்டும். அனல் மின் நிலையத்தின் கொதிகலன் அவ்வளவு வேகத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை.

ஆகவே நண்பகல் யூனிட்டும் இரவு எட்டு மணி யூனிட்டும் ஒரே பண்டம் அல்ல. முதலாவதன் விலை இறங்கிக்கொண்டே போகும். இரண்டாவதன் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். இதைச் சமாளிக்க மாநிலத்தின் கையில் இருப்பவை:

1. காற்று. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் வீசும் காற்று இரவிலும் மின்சாரம் தரும். தமிழ்நாட்டில் நிறுவப்பட்ட காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். ஐப்பசியில் இந்தத் துணையும் ஓய்ந்துவிடும்.

2. நீரேற்று மின் நிலையம். ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறை நிலையத்தின் திறன் 400 மெகாவாட். மிச்ச மின்சாரம் இருக்கும்போது கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மேலே நீரை ஏற்றி, தேவை உச்சத்தில் இருக்கும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் முறை. 1980-களின் இறுதியில் இது இயங்கத் தொடங்கியபோது மிச்ச மின்சாரம் என்றால் நள்ளிரவு அனல் மின்சாரம். இன்று நண்பகல் சூரிய மின்சாரத்தால் நீரை ஏற்றலாம். நீலகிரியில் குந்தாவின் 500 மெகாவாட் நிலையமும் இதே வகை. அதன் பணிகள் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போகின்றன.

3. மின்கலம். விலை வேகமாக இறங்கிவருகிறது. மாலையின் இரண்டு, மூன்று மணி நேரத்தைத் தாண்ட இது போதும். ஐப்பசியில் தொடர்ந்து மூன்று நாள் மூட்டம் போட்டால் போதாது.

4. தேவையைப் பகலுக்கு நகர்த்துவது. இவற்றில் மிக மலிவானது இது. மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட இலவச விவசாய மின் இணைப்புகள் உள்ளன. அந்தப் பம்புசெட்டுகளுக்கான மும்முனை மின்சாரத்தை முழுவதும் வெயில் நேரத்துக்குக் கொண்டுவந்தால், விவசாயியும் இரவில் டார்ச் விளக்கோடு வரப்பில் நடக்க வேண்டியதில்லை. நகரத்தில் குடிநீரேற்று நிலையங்கள், அலுவலக வளாகங்களில் மின் வாகன சார்ஜிங் ஆகியவற்றையும் இப்படி நகர்த்தலாம். வெயில் நேரத்தில் கட்டணம் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2023 விதித் திருத்தம் சொல்வதன் நோக்கமும் இதுவே.

பகலில் மட்டும் செலவு இருக்கும் இடத்தில் சூரிய மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பொருந்துகிறது என்பதற்கு சென்னை சென்ட்ரல் உதாரணம். நிலையக் கூரைகளில் பொருத்திய 1.5 மெகாவாட் தகடுகள் அதன் பகல் நேரத் தேவை முழுவதையும் ஈடுசெய்கின்றன. “பகல் நேர” என்ற சொல்லை விட்டுவிட்டுப் பகிர்ந்தவர்கள் பலர்.

## வீட்டு மாடியில் யாருக்கு லாபம்?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம், முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம் தருகிறது. உச்சவரம்பு 78,000 ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும்.

தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலை ஏறும். 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் சலுகையும் குறையும். 900 யூனிட் செலவழிக்கும் வீட்டில் கடைசி நூறு யூனிட்டுகள் ஒவ்வொன்றும் 10 ரூபாய்க்கு மேல். அந்த வீட்டு மாடியில் 3 கிலோவாட் தகடு இரண்டு மாதத்தில் சுமார் 720 யூனிட் தரும். வெட்டப்படுவது விலை கூடிய மேலடுக்குகள். போட்ட பணம் சில ஆண்டுகளில் திரும்பிவிடும். 250 யூனிட் செலவழிக்கும் வீட்டில் இதே தகடு வெட்டுவது மலிவான கீழடுக்குகளை மட்டுமே. அங்கே கணக்கு எளிதில் கட்டுப்படியாகாது. குஜராத், மகாராஷ்டிரம், கேரளம் ஆகியவை இத்திட்டத்தில் நம்மை முந்திக்கொண்டு போனதற்கு நம் மின்கட்டண அமைப்பும் ஒரு காரணம் என்பது என் கருத்து. சொந்த மாடியும் மூன்று ஏசியும் இருப்பவருக்கே இம்மானியம் அதிகம் பயன்படுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நெட் மீட்டர் என்பது இருவழி மீட்டர். பகலில் மிஞ்சியது மின்வாரியத்துக்குப் போகும், இரவில் திரும்பி வரும், வித்தியாசத்துக்கு மட்டும் கட்டணம். நண்பகல் யூனிட்டைக் கொடுத்துவிட்டு இரவு யூனிட்டைச் சம விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்பதே இதன் பொருள். ஒரு சில ஆயிரம் வீடுகள் என்றால் வாரியம் தாங்கும். பல லட்சம் வீடுகள் ஆகும்போது இந்த ஏற்பாடு இப்படியே நீடிக்காது. நெட் மீட்டர் விதிகள் மாறக்கூடும் என்பதையும் சேர்த்தே முதலீட்டைக் கணக்கிடுவது நல்லது.

தகடு வாங்கிய பலர் பின்னர் ஏமாற்றம் அடையும் இடம் ஒன்று உண்டு. மின்வெட்டு வந்தால் இந்தத் தகடுகளும் நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும். கம்பியில் பழுது பார்க்கும் ஊழியர் மேல் நம் மாடி மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வெளி மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானாகவே அணையும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டும் என்றால் மின்கலம் இணைந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். செலவு கணிசமாகக் கூடும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடி எல்லோருக்கும் பொது. யார் எத்தனை சதுர அடி எடுப்பது என்ற பேச்சு சங்கக் கூட்டத்தைத் தாண்டுவதே அரிது. அங்கே எளிய வழி லிஃப்ட், மோட்டார், நடைவழி விளக்குகளுக்கான பொதுப் பயன்பாட்டு இணைப்பு. தண்ணீர் மோட்டார் பெரும்பாலும் பகலில் ஓடுவது, பகலில் ஓட வைக்கக்கூடியதும் கூட. பொது இணைப்புக்கு இலவச யூனிட்டும் கிடையாது. ஆகவே முதல் யூனிட்டிலிருந்தே மிச்சம். குடியிருப்போர் சங்கங்களின் பொது வசதிகளுக்குச் சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் தனியாக இருக்கிறது. வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில் மொத்தம் 500 கிலோவாட் வரை. விண்ணப்பிக்கும் முன்பு, பக்கத்து மனையில் ஐந்து மாடி எழும்பினால் நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதை மட்டும் ஒரு மார்கழி நண்பகலில் மாடியில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சூரியன் தெற்கே மிகவும் தாழ்ந்து, நிழலை மிக நீளமாக நீட்டும்.